ஒற்றைக்கண் கீரிக்கு ஒரு நான்காம் வீதி

கவுன்சிலர் கிட்டுசாமியை நான்காம் வீதியில் ஒரு கீரி கடித்துவிட்டதாம். போன மாதம் பேக்கரிக்குப் பேக்கரி இதே பேச்சு. ஒரு கடையில் வலது கால் என்றார்கள், அடுத்த கடையில் இடது கால். பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்வதற்குள் கீரி இரண்டாகி, ஊசி பதினான்காகிவிட்டது. எந்தக் கால் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று நான்காம் வீதிக்குப் போனேன்.

கீரி இருந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு மூன்று நான்கு பனியன்களில் அச்சுப் படமாக, பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, ஒற்றைக் கண்ணால் பார்த்தது.

"கடிக்காதுண்ணே, தைரியமா வாங்க" என்றார் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த சீனியம்மாள்.

"கிட்டுசாமியக் கடிச்சிருந்தா கீரிக்குத்தான ஊசி போட்டிருக்கணும்" என்றார் உள்ளேயிருந்து அவர் கணவர் பொன்னுச்சாமி. வதந்தி அத்தோடு முடிந்தது. சீனியம்மாள் கதை அதைவிடப் பெரிது.

பத்தொன்பது வருடம் முன்பு சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் உருப்படியை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, உள்ளும் புறமும் திருப்பி, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. கை பழகிவிட்டதால் வீட்டிலும் விடுவதில்லை. பொன்னுச்சாமி சவரம் செய்துகொண்டு வந்தால் இடது காதுக்குக் கீழே விரல் வைப்பார். "ஸ்டிக்கர் ஒட்டாம விட்டாளேன்னு இருக்கேன்" என்கிறார் பொன்னுச்சாமி.

கீரியைப் பிடித்ததும் சீனியம்மாள்தான். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று. அந்தப் பிராணிக்கு அங்கே வேறென்னவோ பெயர். வாயில் நுழையாததால் கம்பெனியில் எல்லோரும் கீரி என்றார்கள். பிரிண்டிங்கில் ஸ்கிரீன் அடைத்துக்கொண்டு ஒரு கண் விழவில்லை. சீனியம்மாள் அம்புக்குறி ஒட்ட, மொத்த லாட்டும் ரிஜெக்ட். விற்க வழியில்லாத முதலாளி தீபாவளிக்குத் தலைக்கு நான்கு என்று தொழிலாளிகளுக்கே கொடுத்துவிட்டார். அவர்களில் பாதிப் பேர் நான்காம் வீதி.

அந்த வீதிக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை குடிதண்ணீர் வரும். எந்த மணிக்கு என்பதுதான் யாருக்கும் தெரியாது. பகல் பதினொன்றுக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் போன் செய்வார். சீனியம்மாள் செக்கிங் டேபிளை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். மூன்றாம் முறை சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "ஏனுங்கக்கா, அடுத்த தடவ தண்ணி புடிக்கப் போனீங்கன்னா அப்படியே ஊட்லயே இருந்துக்குங்க."

ஆக, சீனியம்மாளுக்குத் தேவைப்பட்டது கூடுதல் தண்ணீர் இல்லை, ஒரு நேரம். அது கிடைக்காவிட்டால் வேலை போகும். கிட்டுசாமியிடம் நான்கு மனு கொடுத்தார். அவர் வீட்டை விட்டு கவுன்சிலர் பதவி இருபது வருடமாக வெளியே போனதில்லை. நடுவில் ஒருமுறை வார்டு பெண்களுக்கு என்று மாறியபோது மனைவி கவுன்சிலரானார். இவர் கவுன்சிலரின் கணவரானார். அது இன்னும் பெரிய பதவி. மனுக்கள் அந்த வீட்டில் எங்கேயோ பத்திரமாக இருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீதியே காலிக்குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தது. ஞாயிறு என்றால் நல்ல துணியெல்லாம் துவைக்கப் போயிருக்கும். உடம்பில் ரிஜெக்ட் பனியன்தான். நாற்பது பேர், நாற்பது கீரி. சப்-இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, "நீங்க எந்த அமைப்புங்க?" என்றார்.

சீனியம்மாள் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"கீரி இயக்கம் சார்."

"தலைவர் யாருங்க?"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் சார்."

சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் கிட்டுசாமிக்குச் செய்தி போனது. மனுவுக்கு அசையாதவரை கீரி யூனிபாரம் அசைத்துவிட்டது. நாற்பது பனியன் என்றால் யாரோ செலவு செய்கிறான் என்று அர்த்தம். எதிர்க்கட்சியைச் சந்தேகப்பட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் அவரைச் சந்தேகப்பட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று தங்கள் கட்சித் தொப்பி நாற்பதோடு வீதிக்கு வந்தார்கள். சீனியம்மாள் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "தையல் விடுதுல்லா" என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார்.

புதன்கிழமை கிட்டுசாமியே வந்தார்.

"அம்மிணி, நெசத்தச் சொல்லுங்க. இந்தக் கீரிக்குப் பின்னாடி யாருங்க?"

"பின்னாடி ஒண்ணுமில்ல அண்ணாச்சி, பிளெயின்தான்."

"ஒரு கண்ண மூடீட்டு இருக்குதுங்களே?"

"அது ஒரு கண்ணத்தான மூடிருக்கு?"

கிட்டுசாமி சட்டைப்பையிலிருந்து கடிதம் ஒன்றை நீட்டினார். தண்ணீர் விடும் நேரம் விரைவில் அறிவிக்கப்படும் என்று இருந்தது. சீனியம்மாள் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். பின்பக்கம் திருப்பினார். பர்ஸிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து, 'விரைவில்' என்ற சொல்மேல் ஒட்டினார். கிட்டுசாமி அம்புக்குறியைப் பார்த்தார்; வாசலுக்கு வாசல் நின்ற கீரிகளைப் பார்த்தார். பேனாவை எடுத்து, 'ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலை ஆறு மணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வார ஞாயிறு ஆறு பத்துக்குத் தண்ணீர் வந்தது. போட்டோக்காரரோடு கிட்டுசாமியும் வந்தார். சீனியம்மாள் கையிலிருந்த பச்சைக் குடத்தை வாங்கி, குழாயில் பிடித்து, சிரித்தார். டிரைவர் ஏதோ நினைப்பில் குடத்தைக் காரில் ஏற்றிவிட்டார்.

சீனியம்மாளின் வேலை தப்பியது. குடம்தான் திரும்பவில்லை. மூன்றுமுறை கேட்டுவிட்டார்.

"அக்கா, அது ஆபீஸ்ல அண்ணன் போட்டோவுக்குக் கீழ வெச்சிருக்குதுங்க" என்றாராம் கிட்டுசாமியின் உதவியாளர். "வர்றவங்கெல்லாம் பாக்கறாங்க. எடுத்தா நல்லாருக்காதுங்க."

இப்போதைக்குச் சீனியம்மாள், பாண்டியம்மாளிடம் இரவல் வாங்கிய குடத்தில்தான் பிடிக்கிறார்.