காதர் அண்ணன் கேட்ட திட்டம்

விருத்தாசலத்தில், செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். வங்கியே இல்லாமல் இணையத்தில் நடக்கும் கிரிப்டோ முதலீட்டுத் திட்டங்களின் விவரம் தேடித் தரும் ஒரு செயலியில் பிழை பார்ப்பது என் வேலை. திட்டத்தின் பெயரைத் தட்டினால், அதில் எவ்வளவு பணம் இருக்கிறது, எங்கே போகிறது என்று காட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரரான காதர் அண்ணன் கத்தாரிலிருந்து கூப்பிட்டார். சேமிப்பு முழுவதையும் போடப்போவதாக ஒரு திட்டத்தின் பெயரைச் சொன்னார். உடனே தட்டிப் பார்த்தேன்.

"போடாதீங்கண்ணே. வர்ற பணமெல்லாம் ஒரே ஆளு கணக்குக்குத்தான் போவுது. இத யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"போன்ல பழக்கமானவன்தாம்பா. நேர்ல பாத்ததில்ல. தெனமும் சாப்டீங்களான்னு கேப்பான். இங்க வேற யாரு கேக்குறாங்க?"

பணம் போடவில்லை, அவன் எண்ணையும் அழித்துவிடுகிறேன் என்றார்.

என்னிடம் சாப்பிட்டாயா என்று கடைசியாகக் கேட்டது யார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. அவன் என்னைக் கூப்பிட்டிருந்தால், நான் திட்டத்தின் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கவே மாட்டேன்.