பிளக்கில் சந்தனம்

2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். தேநீர், பிரஷர் மாத்திரை, தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர். ஆறரைக்கு அஹுன்ட்சிக் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஏழு பத்துக்கு புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் வேலையைத் தொடங்கினேன். மூன்று மணியோடு விடுமுறை. மறுநாள் காலை ஆறு மணிக்கு மனைவியும் நானும் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு காஸ்பே கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு.

கட்டிலும் அடுப்பும் உள்ள அந்தச் சின்ன ட்ரெய்லரை வாங்கி மூன்றாவது கோடை இது. முதற்கோடையில் ஒரு டயரில் தெரிந்த மெல்லிய வெடிப்புக் கோடு எனக்குப் பிடிக்கவில்லை; பயணத்தை நிறுத்தினேன். அடுத்த கோடையில் பிரேக்கில் ஒரு சத்தம். இந்த வருடம் மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்:

"இந்த முறையும் நிண்டா, அதை வித்துப்போடுங்கோ. நான் தங்கச்சியோட பிளேனில போறன்."

அவள் ஒன்றை இரண்டு தரம் சொல்பவள் அல்ல.

மாலை ஐந்து மணிக்கு ட்ரெய்லரை ட்ரக்கில் கொளுவி, அதன் விளக்குகளுக்கான ஏழு முனைப் பிளக்கைச் செருகி, இடது சிக்னலைப் போட்டேன். பின்னால் நின்றவள் கத்தினாள்.

"ரெண்டு பக்கமும் மினுங்குது!"

"இடதுதானே போட்டனான்."

"எனக்கு இடம் வலம் தெரியும். பிரேக்கை அமத்துங்கோ... ஐயோ, இப்ப எல்லாம் நூந்துபோச்சு. திருவிழாவுக்குப் பல்ப் கட்டுற ஆளைக் கூப்பிடுவமே?"

பிளக்கைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள் கறை. போன ஞாயிறு ஐயரை வீட்டுக்கு அழைத்து ட்ரெய்லருக்குப் பூசை செய்தோம். அவர் முன்பக்கத்தில் பொட்டு வைத்தார். மிச்சச் சந்தனத்தை அவள் டயர், கதவு, பிளக் என்று ஒன்றும் விடாமல் அப்பியிருந்தாள்.

"கரண்ட் போற இடத்தில சந்தனம் பூசுற ஆள் உலகத்தில நீ ஒருத்திதான்."

அவள் ட்ரெய்லருக்குள் ஏற்றியிருந்த தன் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஒவ்வொரு முனையையும் பல்தூரிகையால் தேய்த்தேன். நாற்பது நிமிடம். திரும்பச் செருகினால் அதே கூத்து. ட்ரக் பக்கத்தைச் சோதனை விளக்கால் பார்த்தேன், பிழையில்லை. பல்ப்களை மாற்றினேன். ட்ரக்கின் முன்னுக்கும் ட்ரெய்லரின் பின்னுக்கும் எத்தனை தரம் நடந்தேனோ. வழக்கமாக எண்ணுகிறவன், அன்று எண்ணவில்லை. ஒவ்வொரு நடையிலும் யன்னலைப் பார்த்தேன். திரை அசையவில்லை.

ஏழரைக்கு, செயின்ட்-மிஷேலில் கராஜ் வைத்திருக்கும் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அண்ணை, ஒண்டைப் போட எல்லாம் மினுங்குதெண்டா எர்த் இல்லை. போற கரண்ட் திரும்பி வர வழியில்லாம மற்றப் பல்புக்குள்ளால ஓடுது. வெள்ளை வயர் ட்ரெய்லரின்ர இரும்புச் சட்டத்தில பூட்டியிருக்கிற இடத்தைப் பாருங்கோ. கிட்டடியில ஏதும் வேலை செய்தனீங்களோ?"

"மே மாதம் சட்டம் முழுக்கத் துருவுக்குப் பெயின்ற் அடிச்சனான். ரெண்டு பூச்சு."

"அந்த போல்ட்டைக் கழட்டி, அதுக்குக் கீழயுமோ?"

"ஓம். ஒரு இடமும் விடேல்லை."

அவருடைய சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமெடுத்தது. "பெயின்ற்றுக்குள்ளால கரண்ட் ஓடாது. வேற ஆராவது எண்டா சும்மா மேலால அடிச்சிருப்பாங்கள், அண்ணை. லைற்றும் எரிஞ்சிருக்கும்."

நாட்குறிப்பைப் புரட்டினேன். மே மாதப் பக்கத்தில் என் கையெழுத்து: "போல்ட்டுகளைக் கழற்றி, பூசி, திரும்பப் பூட்டியது. மிகத் திருத்தம்."

ட்ரெய்லருக்கு அடியில் படுத்தேன். பளபளக்கும் கறுப்புப் பூச்சின் மேல் வெள்ளை வயர் ஒழுங்காகப் பூட்டப்பட்டிருந்தது. கம்பித் தூரிகையால் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக்கினேன். எட்டு இருபது, தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

"இஞ்சேரப்பா, ஒருக்கா வந்து பின்னுக்குப் பார்."

வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இடது மட்டும். ம். வலது. பிரேக்... ரெண்டும் வடிவா எரியுது." பிறகு, "அப்ப சந்தனத்தில பிழையில்லை?"

"இல்லை. என்ர பெயின்ற்."

உள்ளே போனாள். பை வெளியே வரவில்லை. நான் சரியாகத் தூங்கவில்லை.

சனிக்கிழமை ஐந்தே காலுக்கு எழுந்ததும், தேநீருக்கு முன், சாமியறையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துப்போய்ப் பிளக்கின் வெளிமூடியில் ஒரு பொட்டு வைத்தேன். நிமிர்ந்தபோது அவள் பையோடு வாசலில் நின்றாள்.

"கோணலா இருக்கு," என்றாள்.