கெரின் சொல்லி முடிக்காத பதில்

நோரீன் ஹேஸ்லெட் போர்ட் லிங்கன் என்ற துறைமுக ஊரில் எங்கள் பள்ளியில் பத்தொன்பது வருடம் ஆசிரியையாக இருந்தார். உடல் குறையோ அறிவுக் குறையோ உள்ள பிள்ளைகள் பள்ளி முடித்த பிறகு என்ன செய்வது என்று வீட்டாரோடு உட்கார்ந்து திட்டம் எழுதுவது அவர் பொறுப்பு. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு திட்டங்கள். கூட்டக் குறிப்புகளை எழுதியது பள்ளி எழுத்தரான நான்.

1994 ஆகஸ்ட் 16, செவ்வாய்க்கிழமை கெரின் டாப்ஸுக்கான கூட்டம். வயது பதினேழு. சக்கர நாற்காலி, பேச்சு வராது. மடியிலுள்ள பலகையில் எழுத்தெழுத்தாகத் தொட்டுக் காட்டுவாள். அவளைப் பகல் பராமரிப்பு இல்லத்தில் விடலாம் என்றார் அம்மா கிளெனிஸ். “உனக்குச் சம்மதந்தானே?” என்று கேட்டார் துணைத் தலைமையாசிரியர். அப்போது மணி 3.21. 3.22க்கு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ‘மாணவி சம்மதித்தாள்’ என்று எழுதினேன்.

மறுநாள் நோரீன் அந்தத் தாளைக் கொண்டுவந்தார்.

“இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன், ராய்.”

“எழுத்துப் பிழையா?”

“அவ எப்பச் சம்மதிச்சா?”

“மறுப்பு சொல்லலையே.”

“சொல்லிட்டுத்தான் இருந்தா. நீ பேனாவை மூடிட்ட.”

கரட்டுக் குறிப்பைப் பார்த்தேன். ‘மூன்று எழுத்து தொட்டாள்’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி கூடினோம். அதே கேள்வி. கெரின் தொடங்கினாள். ஐந்தாவது நிமிடத்தில் கிளெனிஸ் முணுமுணுத்தார்: “இப்படியே உக்காந்திருந்தா வீட்ல யாரு சமைக்கிறது?”

“ஒருநாள் பொரிச்ச மீன் வாங்கிச் சாப்பிடுங்க, கிளெனிஸ். அவ பேசிட்டிருக்கா” என்றார் நோரீன்.

பதினோரு நிமிடம் ஆனது. ‘இல்லத்துக்குப் போகமாட்டேன். துறைமுக ஆபீஸ்ல கப்பல் பட்டியல் டைப் பண்ணணும்.’

கிளெனிஸ் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “அங்க உன்னைப் பாத்ரூமுக்கு யாருடி கூட்டிட்டுப் போவா?”

கெரின் தொட்டுக் காட்டினாள்: ‘கேட்டீங்களா?’

யாரும் கேட்டிருக்கவில்லை. நோரீன் கூட்ட அறையிலிருந்தே துறைமுக ஆபீஸுக்குத் தொலைபேசினார். செவ்வாய், வியாழன் காலைகளில் வரலாம், கணினி இருக்கிறது, கதவு அகலம், உதவிக்கு ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்று பதில் வந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம். அதைத் திட்டத்தில் எழுதினேன்; அம்மாவின் கையெழுத்துதான் பாக்கி.

“மழை பேஞ்சா?” என்றார் கிளெனிஸ்.

கெரின் பலகையைத் தொட்டாள். ‘நனைவேன்.’

கிளெனிஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “அந்தப் பேனாவைக் குடுங்க, ராய்” என்றார்.