இருவருக்கும் ஒரே பட்டியல்

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவருக்குப் பழையது எதுவும் மறந்திருக்கவில்லை. எங்கள் கல்யாணப் பந்தியில் பாதியிலேயே சாம்பார் தீர்ந்துபோனதைச் சொன்னார். மகள் பிறந்த அன்று மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதைச் சொன்னார். கம்பெனியில் தான் ஓட்டிய சி.என்.சி. மெஷினில் எந்த பீஸுக்கு எந்த புரோகிராம் என்பது வரைக்கும் சொன்னார். ஆள் முழுசாகத் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். காலையில் சாப்பிட்டது இட்லியா உப்புமாவா என்று மகள் விளையாட்டாகக் கேட்டபோதுதான் அவர் பதில் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்.

ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது கவரைப்பேட்டை தாண்டி ஒரு வேன் இடித்துவிட்டுப் போய்விட்டது. ஹெல்மெட் உயிரைக் காப்பாற்றியது. ஆனாலும் தலைக்குள் அடி விழுந்திருந்தது. "பழைய ஞாபகமெல்லாம் பத்திரமா இருக்கும்மா. புதுசா வர்றதுதான் தங்காது. போகப் போக சரியாகும். எவ்வளவு தூரம்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அதன் அர்த்தம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எனக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை. லீவெல்லாம் தீர்ந்த பிறகு நான் ரயில் ஏறித்தான் ஆகவேண்டியிருந்தது. பகலில் அவர் வீட்டில் தனியாக இருந்தார். அடுப்பில் பால் பொங்கிக் கருகியது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தொட்டி நிரம்பிக் கீழ்வீட்டு வாசல்வரை தண்ணீர் ஓடியது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஒருநாள் நான் வேலை முடிந்து வரும்போது அவர் கூட்டி வந்திருக்க வேண்டிய என் மகள் பள்ளி வாட்ச்மேன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகளெல்லாம் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான் கெளம்புனேன்மா. சட்ட போட்டுகினேன். அப்பறம், இன்னாத்துக்கு சட்ட போட்டேன்னு தெரியல. அது ஞாபகம் வரட்டும்னு உக்காந்துகினு இருந்தேன்."

மகள்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். அந்த வழக்கத்தில் அவளும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். "பரவால்ல நைனா. வாட்ச்மேன் தாத்தா எனக்கு முறுக்கு குடுத்தாரு" என்றாள்.

அதற்கு முன்பே நான் துண்டுச் சீட்டுகள் எழுதி ஃபிரிட்ஜ் மேலும் கதவிலும் ஒட்டியிருந்தேன். ஒட்டிய மறுநாளே அவை சுவரோடு சுவராகிவிட்டன. அவர் கண்ணில் படவில்லை. சீட்டு வாய் திறந்து கூப்பிடாது அல்லவா.

எங்கள் கம்பெனியில் ஒரு ஷிப்ட் போய் அடுத்த ஷிப்ட் வரும்போது, எது முடிந்தது, எது பாக்கி என்பதை ஒரு ஆப்பில் போட்டுவிட்டுப் போவோம். செய்தவர் டிக் அடித்தால் எல்லோருடைய போனிலும் தெரியும். நேரம் குறித்து வைத்தால் மணி அடிக்கும். அதே மாதிரி ஒன்றை எங்கள் இரண்டு பேர் போனிலும் ஏற்றி, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் திறந்தேன். எழுந்ததிலிருந்து படுக்கிறவரை அவர் செய்ய வேண்டியதையெல்லாம் ரயிலில் நின்றுகொண்டே தட்டினேன். மாத்திரை, நாஷ்டா, மோட்டார், சமையல், துணி, கடை, பள்ளிக்கூடம்.

முதல் நாள் மதியம் போனை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் டிக் விழுந்திருந்தது. சாயங்காலத்துக்கான வேலையில்கூட. பள்ளிக்கூடத்துக்கு அன்று பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பியிருந்ததால் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது.

"செய்யாமயே ஏங்க டிக் அடிச்சீங்க?"

"அது கத்திகினே கீது. அடிச்சா நிக்குது."

"நிறுத்தறதுக்கா வெச்சேன்?"

"நான் இன்னா மெஷினா? நீ அங்கேர்ந்து பட்டன் அமுக்குவ, நான் இங்க ஓடுவனா? பேஜாரா கீதும்மா." சொல்லிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். மெஷின் ஓட்டின மனுஷன் அந்த வார்த்தையைச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று பேருமாக உட்கார்ந்தோம். "இதுல எது கஷ்டமா இருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் ரொம்ப நேரம் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"சமையல்னு போட்டிருக்க. சமையல்னா இன்னா? அரிசி களையறதா, காய் அரியறதா? படிக்க சொல்லோ புரியுது. அடுப்பாண்ட போனா எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையைத் தினமும் பார்க்கிறேன். 'பீஸை செக் பண்ணு' என்றால் திருதிருவென்று விழிப்பார்கள். 'இந்த ஓட்டையை இந்த கேஜில் அள' என்றால் செய்துவிடுவார்கள். சமையலை அழித்துவிட்டு, அரிசி களை, குக்கரில் வை, மூணு விசில் வந்தால் அடுப்பை நிறுத்து என்று பிரித்துப் போட்டோம். பாதி வேலைகளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். துணியும் கடையும் எனக்கு வந்தன. என் வேலைகளையும் அதே பட்டியலில் என் பெயரில் போடச் சொன்னது அவர்தான். "என்து மட்டும் வரிசையா நின்னா எனக்கு ஒருமாரியா கீது. உன்துவும் நிக்கட்டும்" என்றார்.

எழுத்துக் கூட்டித் தட்டுவது அவருக்குச் சிரமம். அதனால் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியைக் காட்டிக்கொடுத்தேன். ஒருநாள் வேலைக்கு நடுவில் என் போனில் புது வேலை ஒன்று வந்து விழுந்தது. 'ஊட்டிக்கு தண்ணி கேன் சொல்லணும்.' ஊட்டிக்கு எதற்குத் தண்ணீர் கேன் என்று எனக்கு விளங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். 'ஊட்டுக்கு' என்று அவர் சொன்னதை அந்த போன் மலையேற்றிவிட்டிருந்தது. "அதுக்கு நம்ம பேச்சு தெரியலம்மா" என்று அவரும் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அப்படி அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

மெல்ல மெல்ல வீடு ஒரு நிலைக்கு வந்தது. பால் கருகுவது நின்றது. மணி அடித்ததும் எழுந்து, சட்டை போட்டு, போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். வழியில் சந்தேகம் வந்தால் ஒருமுறை திறந்து பார்ப்பாராம். 'பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா' என்று இருக்கும். நடப்பாராம்.

பிறகு அவர் கம்பெனியில் கூப்பிட்டார்கள். மெஷினில் இனி விட முடியாது, டூல் ரூமில் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். கேட்கிறவர்களுக்கு டிரில் பிட், ஸ்பேனர், கேஜ் எடுத்துக் கொடுத்துத் திரும்பி வாங்கி வைக்கிற வேலை. அவருக்கு அரை மனசுதான். ஆனாலும் யூனிபார்மை அவரே இஸ்திரி போட்டார். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

முதல் நாள் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே யாரும் போன் கொண்டுபோகக் கூடாது என்பது அவர் வீட்டில் இருந்த நாட்களில் அங்கே வந்த புதுச் சட்டம். எங்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக விடுவார்கள் என்பதால் இது என் புத்திக்கு எட்டவே இல்லை. அன்று அவர் மதியம் சாப்பிடப் போகவில்லை. மாத்திரை போடவில்லை. ஒருவர் கேட்ட சாமானை எடுக்க அலமாரிவரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அங்கேயே நின்றிருக்கிறார். டூல் ரூம் பொறுப்பாளர்தான் கூப்பிட்டு உட்கார வைத்தாராம்.

"நாளைக்கு நான் போவல" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

மறுநாள் நான் அரைநாள் பர்மிஷன் போட்டு அவரோடு போனேன். ஹெச்.ஆர். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. இவருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. கஸ்டமர் டிராயிங் எல்லாம் உள்ள இருக்கு. ஒரு போட்டோ வெளிய போனா எனக்குத்தான் வேலை போகும்."

"அவருக்கு அது போட்டோ எடுக்கறதுக்கு இல்ல சார். கொஞ்சம் பாருங்க" என்று அவர் போனைத் திறந்து கொடுத்தேன். அதிகாரி விரலால் தள்ளிக்கொண்டே போனார். மாத்திரை போடு. தண்ணி குடி. சாப்பிடப் போ, டிபன் பை நீலக் கலர். சாப்பிட்டாச்சுன்னா டிக் அடி, ரெண்டாவது தடவ போகாத. கடைசியாக இருந்தது என் கணவரே பேசிப் போட்டுக்கொண்டது. அதைப் படித்த இடத்தில் அதிகாரியின் விரல் நின்றது. என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டூல் ரூம் பொறுப்பாளரைக் கூப்பிட்டார்கள். தலை நரைத்தவர். "கேமராவுல ஸ்டிக்கர் ஒட்டிடலாம் சார். விசிட்டருக்கு ஒட்றோம் இல்ல? தெனம் கேட்ல பாத்துக்கட்டும். உள்ள நான் பாத்துக்கறேன். பதினஞ்சு வருஷமா தெரிஞ்ச ஆளு" என்றார்.

டாக்டரிடமிருந்து ஒரு சீட்டு வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தோம். முன்னும் பின்னும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய போனோடு அவர் உள்ளே போனார். செக்யூரிட்டி தினமும் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுவாராம்.

சுலபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மணி அடிக்கும்போதெல்லாம் "தலைவருக்கு ஆர்டர் வந்திருச்சு" என்று சில பேர் கிண்டல் செய்தார்கள். சில நாள் கேஜை மாற்றிக் கொடுத்தார். யார் எதை எடுத்தார்கள் என்பதை அந்த நொடியே போனில் சொல்லிக்கொள்ளப் பழகினார். கொஞ்ச நாளில் பொறுப்பாளரே வந்து, "இந்த கேஜெல்லாம் அளவு சரிபாக்க எப்ப காலிபரேஷனுக்கு அனுப்பணும்னு உன் போன்ல போட்டுக்கப்பா. எனக்கு மனசுல நிக்க மாட்டேங்குது" என்றாராம். அதை வீட்டில் வந்து சொன்னார். மறந்துவிடாமல் சொல்ல வேண்டும் என்று அதையும் குறித்துக்கொண்டு வந்திருந்தார்.

மெஷினுக்கு மட்டும் அவர் திரும்பவே இல்லை. இனியும் போவார் என்று தோன்றவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சில நாள் தன் பழைய மெஷினுக்கு எதிரே போய் நிற்பாராம். "கை கேக்குதும்மா" என்றார் ஒருதரம். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மறுநாள் வேலைகளைப் பார்க்கலாம் என்று பட்டியலைத் திறந்தேன். என் பெயரில் நான் போடாத ஒன்று இருந்தது. 'கண்ணு டாக்டரைப் பாரு. மறுபடியும் தலவலின்னு சொன்ன.'

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இத எப்பங்க போட்டீங்க?"

அவருக்கு அது நினைவில் இல்லை. போனை வாங்கிப் படித்துப் பார்த்தார்.

"நீ சொன்ன ஒடனே சொல்லி இருப்பேன். அடுத்த ரூமுக்குப் போறதுக்குள்ள போய்டும் இல்ல? அதான் நின்ன எடத்துலயே போட்டிருப்பேன்."

தலைவலி என்று நான் அவரிடம் சொன்னதே எனக்கும் ஞாபகம் இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது வாய்விட்டுச் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பொன்னேரிக்குப் போனோம். நாள் பூராவும் சின்னச் சின்னக் கீறல்களையே உற்றுப் பார்க்கிற வேலை, கண்ணாடி இல்லாமல் எப்படி ஓட்டினீர்கள் என்று கண் டாக்டர் கேட்டார். கடையில் ஃபிரேம் பார்க்கும்போது மகளுக்குக் கறுப்புப் பிடித்தது. அவருக்குக் காப்பிக் கலர். நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். காப்பிக் கலரில்தான் என் முகம் என் முகமாக இருக்கிறது என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். அதையே வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் மகளுக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு நடந்தோம்.