இறந்த மச்சான் பேரில் வந்த மெயில்

விருத்தாசலத்துல நானும் மச்சான் சேகரும் பீங்கான் பொம்மை சூளை வெச்சிருந்தோம். மச்சான் ஒருநாள் தூக்கத்துலயே போயிட்டார். காரியம் முடிஞ்சு மறுபடி சூளை மூட்டுற அன்னிக்கு, அவர் பேர்ல மெயில் வந்துது.

“மாமா, பர்னர்ல கேஸ் கசியுது. பத்தவெக்காதீங்க.”

“செத்தவரு மெயில் போடுவாரா? எவனோ வெளையாடுறான், அழிங்க மொதலாளி”ன்னு மேஸ்திரி சிரிச்சார்.

நான் அழிக்கல. மச்சான் சொல்லிக் குடுத்தபடி மெயில் எப்ப எழுதினது, எப்ப கெளம்பினதுன்னு காட்டுற முழு ஹெடரையும் தொறந்தேன். எழுதின தேதி, அவர் சாகறதுக்கு மொத நாளு. கெளம்பின தேதி இன்னிக்கு.

அவர் சம்சாரத்துக்குப் போன் போட்டேன். “அவரு கம்ப்யூட்டர இப்பதாண்ணா போட்டேன்”னுது. எழுதின அன்னிக்கு நெட் இல்லாம மெயில் போகாம அவுட்பாக்ஸுலயே கெடந்திருக்குது; இன்னிக்குக் கம்ப்யூட்டரப் போட்டதும் கெளம்பிடுச்சு.

பத்தவெக்காம கேஸை மட்டும் தொறந்து பர்னர் இணைப்புல சோப்புத் தண்ணி தடவினோம். கசியற எடத்துல நுரை பொங்குச்சு.

இப்பல்லாம் அவுட்பாக்ஸு காலியான்னு பாக்காம நான் கம்ப்யூட்டர அணைக்கறதில்ல.