பிலோமினா சிஸ்டர் ஒட்டுப் போட்ட கையுறை

அடுத்தவர் விரலில் குத்தி நம் வயிற்றைக் கழுவும் தொழில், ரத்தப் பரிசோதனை. ஆஸ்பத்திரியில் காலம் தள்ளிய அன்பர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

மில் முதலாளி

அப்போதெல்லாம் மெல்லிய கண்ணாடிக் குழாயின் ஒரு நுனி ரத்தத்தில், மறு நுனி எங்கள் வாயில். கோடு வரை உறிஞ்சி நிறுத்த வேண்டும். ஒருநாள் மண்ணச்சநல்லூர் அரிசி மில் முதலாளி ஒருவர் வந்திருந்தார். யாரோ கதவை அறைந்து சாத்த, திடுக்கிட்டுப் பலமாக இழுத்துவிட்டேன். நாக்கில் உப்புக் கரித்தது. ஓடிப்போய்க் கொப்பளித்துவிட்டு வந்தேன். அவர் நீட்டிய விரலை மடக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ரத்தம் கம்மின்னுதாங்க டாக்டர் அனுப்பினாரு. இருக்கறதையும் நீங்க குடிச்சிட்டா எப்படிங்க?"

எழுதி ஒட்டாத ஊசி

ஊசிகளைக் கழுவி, கல்லில் தீட்டி, கொதிக்கவைத்து மறுபடியும் போட்ட காலம் அது. வார்டு நர்ஸ் பிலோமினா கழுவிக்கொண்டிருந்தபோது ஓர் ஊசி பெருவிரலில் ஏறியது. யாருக்குப் போட்ட ஊசியோ, தெரியாது. ஸ்பிரிட்டைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்துச் சோறு பிடிக்கவில்லை என்றார். கண் மஞ்சளாகியிருந்தது. காமாலை என்று ரிப்போர்ட் எழுதியவன் நான்தான். உப்பிலியபுரத்திலிருந்து அவருடைய அண்ணன் கீழாநெல்லியோடு வந்து அழுதார். ரத்தத்தின் வழியாகவும் காமாலை தொற்றும் என்று டாக்டர் சொன்னார். பிழைப்பாரா என்று அண்ணன் கேட்டதற்கு, ஒரு மாதம் போகட்டும் என்றார்.

தான் வேலை பார்த்த வார்டிலேயே பிலோமினா படுத்திருந்தார். பார்க்க வந்த மேட்ரன், "ஜாக்கிரதையா இருந்திருக்கக் கூடாதா?" என்றார்.

"ஜாக்கிரதையாத்தாங்க இருந்தேன். ஊசியிலதான் காமாலைன்னு யாரும் எழுதி ஒட்டல."

ஸ்டோர் குமாஸ்தா

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குழாயின் வாய் நுனியில் பஞ்சை அடைத்தேன். கையுறை கேட்டு ஸ்டோருக்கு எழுதினேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் குமாஸ்தா தாளை இரண்டு முறை படித்தார்.

"இத்தனை வருஷமா லேபுலேர்ந்து ஒருத்தரும் கேட்டதில்லையே, ஸ்வாமி. அப்ப அவாளுக்கெல்லாம் கையே இல்லையா?"

இரண்டு விரல்

நாலு மாதம் கழித்து, இளைத்துப்போய், பிலோமினா வேலைக்குத் திரும்பினார். வந்த முதல் வாரமே என் மேஜையில் ஒரு ஜோடி கையுறையை வைத்தார். ஆபரேஷன் தியேட்டரில் கிழிந்து கழித்துப்போட்டது. அவரே ரப்பர் ஒட்டுப் போட்டிருந்தார். இரண்டு விரல் ஒட்டுப் போட்டதாயிற்றே, தாங்குமா என்று மட்டும் கேட்டேன்.

"போட்டுக்குங்க சார். நான் படுத்தப்ப ரிப்போர்ட் எழுத நீங்க இருந்தீங்க. நீங்க படுத்தா எழுத யாரு இருக்கா?"

பாதுகாப்பு விதி என்று எங்களுக்கு எதுவும் அச்சடித்து வரவில்லை. ஒவ்வொருவராகப் படுத்து எழுந்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டோம்.