கொம்பு முந்தியா, எழுத்து முந்தியா

பிரேமாவுக்கு ஒரு குணம். பழுதான ஒன்றைப் பார்த்துவிட்டால் அதைச் சரிசெய்யாமல் சோறு இறங்காது. சைக்கிள் செயின் கழன்றாலும் சரி, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் சரி, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். பிறந்தது நாகலாபுரத்துக்கு மேற்கே, ஆடு மேய்க்கிற குடும்பத்தில். அப்பா மாயகிருஷ்ணன் கிடை ஆடுகளோடு கரிசக்காட்டில் கால் தேய நடக்காத இடம் பாக்கி இல்லை. மகள் கோவில்பட்டிக்கு வந்து தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணினாள். அவள் தட்டுகிற வேகத்தைப் பார்த்த மனுஷன், "ஏட்டி, நம்ம வெள்ளாட்டங்குட்டி துள்ளுத மாதிரில்லா ஒன் விரலு துள்ளுது!" என்று வாயைப் பிளந்து நின்றார்.

பூவனநாதன் அண்ணாச்சிக்குச் சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. காலம் மாறுது, நாமளும் மாறுவோம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரும் திறந்தார். பாடம் நடத்தவும் நோட்டீஸ் அடித்துக் கொடுக்கவும் பிரேமாவைச் சேர்த்தார். அங்கேதான், ஏதோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி அவள் கையில் கிடைத்தது. கிடைத்ததா, ஆளையே பிடித்துக்கொண்டது! அதிலே இருக்கிற ஒவ்வொரு நிரலையும் பிரித்து உள்ளே பார்க்கலாம். தப்பு இருந்தால் திருத்தலாம். திருத்தியதை எழுதியவருக்கே அனுப்பினால், சரியாக இருக்கிற பட்சத்தில் அவர் சேர்த்துக்கொள்வார். உலகம் பூராவும் அது போய்ச் சேரும். பிரேமாவுக்கு இதைவிட வேறென்ன வேணும்?

முதலில், கரண்ட் போய் வந்தால் கோப்பில் பாதியை முழுங்கிவிடுகிற ஒரு நிரலைத் திருத்தினாள். கோவில்பட்டியில் கரண்ட் போகிற லட்சணத்துக்கு, அந்தத் தப்பு அவள் கண்ணில் படாமல் வேறு யார் கண்ணில் படும்? அப்புறம் ஒன்று, அதற்கப்புறம் இன்னொன்று.

"ஊரான் வீட்டு ஓட்டையெல்லாம் நீ எதுக்கு தாயி அடைக்கே? ஒரு பைசா தருவானா?" என்றார் அண்ணாச்சி.

"நம்ம வீடும் அதே கூரைக்குக் கீழதான் இருக்கு அண்ணாச்சி. ஒழுகுனா நம்ம தலையிலயும்தான் ஒழுகும்."



இரண்டாயிரத்து நாலில் வந்தது பாருங்கள் ஒரு வினை. தெற்குத் தெரு அம்மன் கோவில் கொடை விழாவுக்கு சென்டரில்தான் நோட்டீஸ் அடித்தார்கள். நீளமான வரியைத் தாள் அகலத்துக்குத் தக்கன மடித்துக் கொடுக்க 'லைன்ஃபோல்ட்' என்று ஒரு குட்டி நிரல் உண்டு. அது கணக்குப் பார்த்து வெட்டும். என்ன எழுத்து, ஏது எழுத்து என்று பார்க்காது. டைப்ரைட்டர் பழகிய கை முதலில் கொம்பை அடிக்கும், பிறகுதான் எழுத்தை அடிக்கும். நிரலோ 'கொடை'யின் கொம்பை மேல் வரியின் கடைசியில் தனியாக நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கீழே தள்ளிவிட்டது. கீழ் வரியில் வந்து நின்றது என்ன? 'காடை'!

தெரு முழுக்க ஒட்டின பிறகுதான் பார்த்தார்கள். 'அம்மன் கோவில்' மேலே, 'காடை விழா' கீழே. ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்! "அண்ணாச்சி, காடை வறுவலா, குழம்பா?" என்று தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலேயே வந்து கேட்டார்கள். அண்ணாச்சி முகத்தில் ஈயாடவில்லை.

பிரேமாவுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கோபம். உட்கார்ந்தாள். கொம்பை அதற்கு அடுத்து வருகிற எழுத்தோடு சேர்த்துக் கட்டிப்போட ஒரு விதி எழுதினாள். சென்டரில் இருந்த அத்தனை நோட்டீஸையும் அதில் விட்டுப் பார்த்தாள். ஒரு கொம்புகூடத் தனியாகப் பிரியவில்லை. லைன்ஃபோல்டை எழுதிப் பராமரித்து வந்தவர் ஆஸ்முண்ட் என்று ஒரு நார்வேக்காரர், வயசானவர். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. பிரேமா சொன்னதை நம்பிச் சேர்த்துக்கொண்டார். பங்களித்தவர்கள் பெயர் வரிசையில் 'பிரேமா' என்று தமிழிலேயே அவள் அடித்துக் கொடுத்ததையும் போட்டார். அதோடு நிற்காமல், "எனக்கு முடியவில்லை. அடுத்த வெளியீட்டிலிருந்து இதை நீங்களே ஏற்று நடத்துகிறீர்களா?" என்று கேட்டு எழுதினார்.

அடேயப்பா! அன்றைக்கு அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. லினக்ஸ் இருக்கிற கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிற ஒரு நிரல், அதுக்குப் பொறுப்பு கோவில்பட்டி பிரேமா. அவள் வாழ்க்கையிலேயே இவ்வளவு ஆசைப்பட்டது வேறு எதுவும் இல்லை. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அவளே விஜியிடம் சொன்னது. விஜி, சென்டரில் கூட வேலை பார்க்கிற பிள்ளை.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. பினாங்கிலிருந்து ஒரு தமிழர், ஆஸ்முண்டுக்கும் பிரேமாவுக்கும் சேர்த்து எழுதியிருந்தார். புது லைன்ஃபோல்ட் வந்ததிலிருந்து தன் கட்டுரைகளெல்லாம் நாசம். எழுத்து ஒரு வரியிலும் அதன் கொம்பு அடுத்த வரியிலும் கிடக்கிறது என்றார். கூடவே தன் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதில் இருந்தது பெயர் வரிசை. 'பி' என்று ஒரு எழுத்து, அதற்கப்புறம் புள்ளி புள்ளியாக ஒரு வட்டத்தை ஒட்டி அநாதையாக ஒரு கொம்பு, அதற்கப்புறம் 'ரமா'. "திருத்தியவரின் பெயரே இப்படித்தான் தெரிகிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

பிரேமாவுக்குச் சுள்ளென்று ஏறியது. "இவருக்குத் திரை சரியில்லைன்னா அதுக்கு நானா பொறுப்பு?" என்று விஜியிடம் கத்தினாள். கத்திவிட்டு, கம்ப்யூட்டரில் எழுத்தை எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று சொல்கிற யூனிகோடு விதிகளை எடுத்துப் படித்தாள். படிக்கப் படிக்கக் குரல் இறங்கிவிட்டது. யூனிகோடில் எழுத்துதான் முந்தி, கொம்பு பிந்தி. அதைத் தூக்கி முன்னால் வைத்துக் காட்டுவது திரையின் வேலை. சென்டரில் இருந்த பழைய கறுப்புத் திரைக்கு அந்த வித்தை தெரியாது. பிரிண்டருக்கும் தெரியாது. வந்த வரிசையில் அப்படியே வைக்கும். அதனால்தான் கொம்பை முதலில் அடித்தால் இங்கே லட்சணமாகத் தெரிந்தது. தான் அடித்ததையே வைத்துத் தான் எழுதிய விதியைச் சோதித்திருக்கிறாள். பாஸ் ஆகாமல் என்ன செய்யும்?

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா, "என்னட்டி, மொகம் வாடிக் கெடக்கு?" என்றார்.

"கொம்பை வேற ஆட்டுக்கு ஒட்டிட்டேன்ப்பா."

"அப்பொ கழட்டி உள்ளதுல ஒட்டு. இதுக்குப் போயி சோறு திங்காமலா இருப்பாக?" என்றார் மாயகிருஷ்ணன், விஷயம் புரியாமலே.

திரும்பி வந்தால் ஆஸ்முண்டின் கடிதம் காத்திருந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எனக்குத் தெரியாத மொழியில் இனியும் என்னால் ரிஸ்க் எடுக்க முடியாது, தமிழுக்கான விதியை மொத்தமாக எடுத்துவிடப் போகிறேன், பொறுப்பு ஒப்படைப்பது பற்றி அப்புறம் பேசலாம் என்றார். 'அப்புறம்' என்றால் என்ன அர்த்தம் என்று பிரேமாவுக்குத் தெரியாதா? ஆனால் அழுது புலம்புகிற ஆள் இல்லை அவள். "எடுக்காதீர்கள். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. சரியான விதி வருகிறது" என்று பதில் போட்டுவிட்டு வேலையில் இறங்கினாள்.

விதியைத் திருப்பிப் போடுவது பெரிய காரியமே இல்லை. கொம்பை முன்னால் இருக்கிற எழுத்தோடு கட்ட வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. விஷயம் கேள்விப்பட்ட அண்ணாச்சி பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஏ தாயி! அவிய ஊருக்குச் சரியாக்குனா நம்ம நோட்டீஸ் திரும்பக் காடை ஆயிருமே! ரெண்டு விதமும் இருக்கட்டுமே. எது வந்தாலும் அதுவே பாத்துப் புரிஞ்சுக்கிடட்டும்."

"அது புரிஞ்சுக்கிடாது அண்ணாச்சி, குத்துமதிப்பா வெட்டும். ஒரு நாள் நம்மளை வெட்டும், ஒரு நாள் அவியளை வெட்டும். நாமதான் தப்பா அடிச்சிருக்கோம். நாமதான் மாத்தணும்."

"இத்தனை வருசமா அடிச்சதையா?"

"ஆமா. அத்தனையும்."

சொன்னபடியே செய்தாள். சென்டரில் சேர்ந்திருந்த அத்தனை தமிழ்க் கோப்பிலும் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளி வைக்க ஒரு சின்ன நிரல் எழுதினாள். வரியை மடித்து முடித்து அச்சுக்குப் போகும்போது மட்டும் அதைத் திரும்ப முன்னால் கொண்டுவந்து வைக்க இன்னொன்று. கைக்குத்தான் பாடம் ஏறவில்லை. விரல் கொம்புக்கே ஓடியது. ஹையர் பாஸ் பண்ணின விரலாயிற்றே! விஜியும் அவளும் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் பழகினார்கள்.

புது விதியோடு ஒரு சோதனை வரியும் சேர்த்து அனுப்பினாள். இனி யார் லைன்ஃபோல்டைத் திருத்தினாலும் அந்த வரி உடையாமல் வந்தால்தான் வெளியீடு. அந்த வரி, 'கோவில்பட்டி அம்மன் கோவில் கொடை'. பினாங்குக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்று எழுதினார். அடுத்து வந்த கொடை நோட்டீஸில் கொடை கொடையாகவே வந்தது. அதை அண்ணாச்சியே கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டினார்.

ஆஸ்முண்டிடமிருந்து பதில் வந்தது. "விதியைச் சேர்த்துவிட்டேன். பராமரிப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. உங்கள் பெயரை நீங்களே அடித்து வெளியிடுங்கள்."

பிரேமா கீபோர்டில் கை வைத்தாள். 'பி' அடித்ததும் விரல் தன்னால் கொம்புக்குப் போனது. நிறுத்தினாள். முதலில் 'ர' அடித்தாள், பிறகு கொம்பு, பிறகு மிச்சம். கறுப்புத் திரையில் கொம்பு ஓர் எழுத்துத் தள்ளிப் போய் 'மா'வில் ஒட்டிக்கொண்டது.

எட்டிப் பார்த்த விஜி கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள். "எக்கா, பிரமோன்னுல்லா வந்திருக்கு! ஒங்க பேரே தப்பு. மாத்துங்க, மாத்துங்க."

"இருக்கட்டும்ட்டி. இங்கன பிரமோன்னு தெரிஞ்சாத்தான் அங்கன பிரேமான்னு தெரியும்."

சொல்லிவிட்டு, ஒரு தடவைகூடத் திரும்பப் பார்க்காமல் வெளியிட்டுவிட்டாள்.